பல் டாக்டரின் கண்ணாடிப் படங்கள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அறக்கட்டளையின் முதல் கூட்டம் எங்கள் திருச்சி புத்தூர் வீட்டின் சாப்பாட்டு மேசையில் நடந்தது. உறுப்பினர்கள் மூவர்: நான், பெங்களூரிலிருந்து வந்த என் மகன் அம்பலவாணன், சென்னையிலிருந்து வந்த என் நாத்தனார் கோமதி. தீர்மானங்களைக் காட்டிலும் வடைகள் விரைவாக நிறைவேறின.

முடிவு இதுதான். என் கணவர் தியாகேசன் வாழ்நாளெல்லாம் சேர்த்த கண்ணாடி ஓவியங்களைக் கொண்டு இந்த வீட்டையே காட்சியகமாக்குவது. தை மாதத்தில் திறப்பு. எந்தப் படம் எந்தச் சுவரில், அதன் கீழே என்ன குறிப்பு என்பதெல்லாம் என் பொறுப்பு.

"உன்னால முடியலைன்னா தயங்காம சொல்லிடும்மா. சென்னைல ஒரு கம்பெனி இருக்கு, எல்லாத்தையும் அவங்களே பாத்துப்பாங்க. நீ என்கூட வந்துடலாம்" என்றான் அம்பலம்.

அந்தக் கம்பெனியின் மாதிரிப் படத்தையும் போட்டுக் காட்டினான். இருட்டறை, பெரிய திரை, அதில் கிருஷ்ணன் கண் சிமிட்டுகிறான். கிருஷ்ணனுக்கு அந்தப் பழக்கம் முன்பே உண்டு. கற்றுக்கொடுக்கக் கம்பெனி வேண்டியதில்லை. அவர்கள் வரைபடத்தில் என் படுக்கையறை நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடம்.

முடியும் என்று சொல்லிவிட்டேன். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவளுக்கு இது இன்னொரு வகுப்பு. இந்த மாணவர்கள் கொட்டாவியும் விடுவதில்லை.

ஆகஸ்ட் 9

காப்பாளராக பிலோமினா வேலைக்குச் சேர்ந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வேறொரு ஊர்க் காட்சியகத்தில் பல ஆண்டுகள் இருந்தவள், மேலப்புதூர்க்காரி, மாதாகோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். வந்ததும் வராததுமாக, "சார் இத்தனையும் எப்படி மேடம் சேத்தாரு?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவர் பல் டாக்டர். நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, கருவியை உள்ளே வைத்த பிறகு, "உங்க வீட்ல பழைய கண்ணாடிப் படம் இருக்கா?" என்பார். அந்த நிலையில் மறுப்புச் சொன்னவர் எவருமில்லை. அக்காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பழைய படங்களைக் கழற்றிவிட்டு நாட்காட்டி மாட்டிக்கொண்டிருந்தார்கள். பல் வலி அந்தப் பக்கத்தில் தாராளமாக இருந்தது கலைக்கு நல்லதாயிற்று.

ஆகஸ்ட் 17

கூடத்தில் வெளிச்சம் போதவில்லை. எல்லா விளக்குகளையும் மாற்றச் சொன்னேன்.

ஆகஸ்ட் 19

மாற்றினார்கள். முன்பே தேவலை.

ஆகஸ்ட் 30

பார்வையாளர்களுக்கான முதல் குறிப்பை எழுதி முடித்தேன். சுருக்கம்: இந்த ஓவியத்தைக் கண்ணாடியின் பின்புறத்தில் எழுதி முன்புறத்திலிருந்து பார்க்கிறோம். ஆகவே ஓவியன் தலைகீழாக யோசிக்க வேண்டும். நமக்கு மேலே தெரிகிற கண்மணியையும் நகையையும் முதலில் எழுதுகிறான், அதன்மேல் உடலின் நிறம், வானம் கடைசியில். முதலில் வைத்த புள்ளியைப் பிறகு திருத்த வழியில்லை. இடது வலமாகும், வலது இடமாகும். அதை மறந்துபோய் ஒரு மாதிரிப் படத்தைப் பார்த்து அப்படியே எழுதினால் கடவுள் கைமாறிப்போவார்.

எங்கள் கிருஷ்ணனுக்கு நேர்ந்தது அதுதான். இடது கையால் வெண்ணெயை அள்ளித் தின்கிறான். தியாகேசன் அதைப் பிழைப் படம் என்று மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார். நான் எடுத்துக் கூடத்தில் மாட்டினேன். அவர் கழற்றினார். நான் மாட்டினேன். இந்தத் திருமண வாழ்வில் எங்களுக்குள் ஏற்பட்ட ஒரே கொள்கை வேறுபாடு அதுதான் என்று சொன்னால் பொய். ஆனால் மிக நீண்டது அதுதான். காட்சியகத்தில் அது வாசலுக்கு நேர் எதிரே, முதல் படம். இனி கழற்ற ஆளில்லை.

செப்டம்பர் 12

செய்தித்தாள்காரர்கள் மையில் சிக்கனம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

செப்டம்பர் 21

எல்லாப் படங்களிலும் நடுவில் ஒரு மங்கல் படிந்திருக்கிறது. துடைக்கச் சொன்னேன். முன்பக்கம் மட்டும், பின்பக்கம் துணி பட்டால் மகாலட்சுமி துணியோடு வந்துவிடுவாள். பிலோமினா துடைத்துவிட்டு, "இப்ப எப்படி இருக்கு மேடம்?" என்றாள். பரவாயில்லை என்றேன். தலையைச் சற்றே திருப்பிக் கடைக்கண்ணால் நோக்கினால் முகங்கள் நன்றாகவே தெரிகின்றன. கோழி வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் பார்க்கிறது. அதற்கு ஒரு தானியமும் தப்புவதில்லை.

தடித்த முனையுள்ள பேனா வாங்கினேன். எழுத்துக்குக் கம்பீரம் வந்திருக்கிறது.

அக்டோபர் 5

பிலோமினா ஒரு படத்தை என் மடியில் வைத்து, "இது எந்தப் படம் மேடம்?" என்றாள்.

சட்டத்தின் மேல் விரலை ஓட்டினேன். மூலையில் அன்னம் செதுக்கிய தேக்குச் சட்டம். "ஆண்டாள். பட்டுக்கோட்டையிலிருந்து வந்தது. கிளி இருக்க வேண்டிய இடத்தில் காக்கையளவுக்கு ஒரு பறவை."

"சட்டத்தத் தொடாம சொல்லுங்களேன்."

"காப்பி கேட்டு அரை மணியாகிறது" என்றேன்.

காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

அக்டோபர் 6

இன்று முதல் பிலோமினா எல்லாவற்றையும் உரக்கப் படிக்கிறாள்: குறிப்புகள், கடிதங்கள், மின்கட்டணச் சீட்டு. ஏன் என்றேன். "கிறிஸ்துமஸ் பாட்டுக்குத் தொண்டையப் பழக்கறேன் மேடம்" என்றாள். மின்கட்டணச் சீட்டில் தொண்டையைப் பழக்கும் ஒரே சோப்ரானோ பாடகி திருச்சியில் இவளாகத்தான் இருப்பாள். நானும் தடுக்கவில்லை.

அக்டோபர் 20, தீபாவளி

அம்பலம் தொலைபேசியில் முகம் காட்டினான். "அம்மா, என்னைப் பாத்துப் பேசேன். எங்கயோ பாக்கறே" என்றான். அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கருவியில் கோளாறு.

நவம்பர் 16

படங்களுக்குச் சட்டம் போடும் பாட்ஷா பாய் கடைசிப் படத்தையும் மாட்டிவிட்டார். ஒவ்வொரு சுவருக்கும் நான் பக்கத்தில் நின்று இடம் சொன்னேன். மாட்டிய பிறகு எந்தப் படத்தையும் என்னைக் கேட்காமல் நகர்த்தக் கூடாது என்று உத்தரவு. "கல்யாணப் பொண்ணு மாதிரி ஒக்கார வச்சாச்சும்மா, இனி அசையாது" என்றார் பாய்.

தினமும் மாலையில் முதல் அறையிலிருந்து கடைசி அறை வரைக்கும் ஒருமுறை நடந்துவருகிறேன். மருத்துவர்களும் நடக்கத்தானே சொல்கிறார்கள். நடக்கும்போது படங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொள்கிறேன். நேரம் போக வேண்டுமே.

டிசம்பர் 13, சனி

நாளை முக்கியமான நாள். அம்பலம் வருகிறான். தியாகேசனின் நண்பர்கள் சிலரையும் அழைத்திருக்கிறோம். நான் அவர்களை ஒருமுறை சுற்றிக் காட்ட வேண்டும். திருப்தியாக இருந்தால் தையில் திறப்பு, இல்லையென்றால் கம்பெனிக்காரன் திங்கட்கிழமையே அளவெடுக்க வருவான். அம்பலம் இதை அன்பான சொற்களில் சொன்னான். அன்பைக் கழித்துவிட்டு எழுதியிருக்கிறேன்.

பிலோமினா தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்கு மணப்பாறை போய்விட்டாள். காலையில்தான் வருவாள். கோமதி மட்டும் முன்னதாகவே வந்துவிட்டாள். வந்தவள் வாசலில் நின்று, "என்ன அண்ணி இது, உள்ள வரும்போதே பீச்சாங்கையால சாப்பிடற சாமி? விளங்குமா?" என்றாள்.

"விளங்குகிறவர்களுக்கு விளங்கும்" என்றேன். நான்கு மணிக்குப் படுத்துக் கொஞ்சம் தூங்கினேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு எல்லோரும் கூடிவிட்டார்கள். வாசல் கூடத்தில் என் வழக்கமான இடத்தில் நின்று, கிருஷ்ணனிலிருந்து தொடங்கினேன். இடது கை, ஓவியனின் மறதி, வெண்ணெய் வழிகிற கன்னம், பின்னால் கடம்ப மரம் என்ற பெயரில் நிற்கிற மாமரம், அந்த மாமரத்தில் எந்தத் தாவரவியல் நூலிலும் இல்லாத நீலப் பூ. தியாகேசன் கழற்றிய கதை, நான் மாட்டிய கதை. படத்தின் பக்கம் நான் திரும்பவில்லை. அதைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது.

பேசி முடித்தேன். சிரிப்பில்லை, இருமல்கூட இல்லை. வகுப்பறை மௌனங்களில் பல வகைகளை அறிவேன். இது அவற்றில் இல்லாத வகை.

ஓய்வுபெற்ற நீதிபதியின் மனைவி சௌந்தரம்தான் வாயைத் திறந்தாள். "மரகதம், நீங்க சொல்ற படம் எங்க இருக்கு? இங்க ராமர் பட்டாபிஷேகம்ல மாட்டியிருக்கு?"

அப்போதுதான் பிலோமினா ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே வந்தாள். ஒரே பார்வையில் அவளுக்குப் புரிந்துவிட்டது போலும். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விடு என்றேன். விடவில்லை.

"நாந்தான்" என்றாள் கோமதி, பின்னாலிருந்து. "நேத்து சாயங்காலம் பாட்ஷா பாய வரச்சொல்லி மாத்தினேன். அண்ணிகிட்ட சொல்லிட்டேன்னு பாய்கிட்ட பொய் சொன்னேன். வாசல்ல வேணாமேன்னுதான். காலைல பாத்துட்டுத் திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டலை. அதான் சரி, ஒத்துக்கிட்டாங்கன்னு..."

வாக்கியத்தை அவளே நிறுத்திக்கொண்டாள். இரண்டு படங்களுக்கும் ஒரே அளவுச் சட்டம், ஒரே பொன்வண்ணம். காலையிலிருந்து அதன் முன்னால் பலமுறை போய்வந்திருக்கிறேன்.

எல்லோரும் கோமதியைப் பார்த்திருப்பார்கள். அம்பலம் என்னைப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"அந்தப் படத்த எடுத்துட்டு வாங்க. இவங்க சொன்னதக் கேட்டுட்டுப் பாக்காம எப்படிப் போறது?" என்றாள் சௌந்தரம். கோமதியே போய் மாடிப்படிக்கு அடியிலிருந்து எடுத்துவந்து நாற்காலியில் சாய்த்து வைத்தாள். அத்தனை பேரும் அதைச் சூழ்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நீலப் பூவைக் கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். சுவரில் ராமர் கேட்பாரற்று முடிசூடிக்கொண்டிருந்தார்.

மற்ற அறைகளுக்கும் அழைத்துப் போனேன். அங்கெல்லாம் எதுவும் இடம் மாறியிருக்கவில்லை.

டிசம்பர் 15

எழுத ஒன்றுமில்லை. கம்பெனிக்காரன் வரவில்லை. அம்பலம் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லியிருக்கிறான்.

டிசம்பர் 17

கண் மருத்துவர். சின்னப் பெண், கை குளிர்ச்சி. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டதாம். ஓரங்கள் இருக்கின்றன. போனது திரும்பாது, இருப்பதைப் பிடித்துவைக்க மாதம் ஓர் ஊசி, கண்ணிலேயே.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு பாட்டி?"

"இரண்டு மாதம்" என்றேன்.

பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிலோமினா இருமினாள். பாட்டுக் குழுவில் இருப்பவள் தொண்டையை இப்படிக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

டிசம்பர் 18

அம்பலம் கோபப்பட்டான். அவன் கோபம் அப்பாவுடையது, குரல் தாழும்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா?"

"சொல்லியிருந்தா உன் கம்பெனி வந்திருக்கும்."

"இப்பவும் வரத்தான் போறான். நீ இனிமே எப்படி இதெல்லாம்... பேசாம என்கூட வந்துடு. ரூம் ரெடியா இருக்கு."

"உன் ஃப்ளாட்ல சுவிட்ச் எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது. அங்க வந்தா நான் குருடி. இங்க வெறும் கிழவி."

பிலோமினா, "சார், நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றாள். "மேடம் சொன்ன குறிப்பு அத்தனையும் நான் படத்துப் பக்கத்துல வச்சு சரிபாத்துட்டேன். அன்னைக்கும் அவங்க சொன்னதுல ஒரு தப்பில்ல. படம்தான் எடம் மாறிப்போச்சு."

"படத்தப் பத்தி நான் கவலைப்படலை பிலோமினா. அம்மா தனியா விழுந்து கெடந்தா யார் பாக்கறது?"

விடையில்லாதபோது காப்பி கேட்பது என் வழக்கம். காப்பி வந்தது; விடை வரவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைப்பதாக முடிவு. என் புடவைகளை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறான். வெயில் வந்ததும் எடுத்துவைக்கிறேன் என்றேன். மார்கழி.

டிசம்பர் 22

ஊருக்குப் போயிருந்த கோமதி இன்று காலை இரண்டு பெட்டிகளோடு வாசலில் நிற்கிறாள்.

"எவ்வளவு நாளைக்கு?" என்றேன்.

"மாடி ரூம்ல டிவி வைக்க எடம் இருக்கா அண்ணி?"

நான் கேட்ட கேள்விக்கு அதுதான் விடை என்பது சற்றுத் தாமதமாகவே விளங்கியது.

"மருமக வீட்ல ரிமோட்டே என் கைக்கு வர்றதில்ல" என்றாள், செருப்பைக் கழற்றியபடி. "அம்பலத்துகிட்ட பேசிட்டேன். நான் இருக்கேன்னா சரின்னுட்டான். அப்புறம் அன்னைக்கி நான் பண்ணது..."

"செய்தது செய்ததுதான்."

"அதத்தான் சொல்ல வரேன். சொல்ல விடுங்களேன்."

சொல்ல விட்டேன். சொன்னாள். எழுதும்படி ஒன்றுமில்லை, மூக்கைச் சிந்தினாள்.

மாலையில் அம்பலம் தொலைபேசியில் நிபந்தனைகளைச் சொன்னான். ஊசி தவறக் கூடாது, படிக்கட்டில் கைப்பிடி, நடைவழியில் தொடுதிரை ஒன்று. கம்பெனி இல்லை. என் படுக்கையறை என்னுடையது. பேரம் படிந்தது. விலை: கோமதி.

ஜனவரி 11

தொலைக்காட்சி காலை முதல் அலறுகிறது. மாமியார்கள் விஷம் வைக்கிறார்கள். மருமகள்கள் விஷயம் தெரியாமல் குடிக்கிறார்கள். இடைவேளைகளில் கோமதி எனக்குக் கண்ணாக இருக்கிறாள். ஆண்டாள் படத்தின் முன் நிறுத்தி, முகபாவத்தைச் சொல்லச் சொன்னேன்.

"பச்சைப் பொடவை. ஜரிகை நல்ல அகலம்."

"முகத்தைக் கேட்டேன்."

"முகமா? சொல்லாம கொள்ளாம விருந்தாளி வந்துட்டா நாம வைப்போமே, அந்த மாதிரி இருக்கு."

முப்பது ஆண்டுகளாக அதைத் தெய்வீகத் தியானம் என்று பலருக்கும் விளக்கியிருக்கிறேன். பிலோமினாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அவங்க சொல்றதுதான் மேடம் சரி" என்றாள். குறிப்பை மாற்றச் சொன்னேன். கோமதி இன்று முழுவதும் தலைகால் புரியாமல் திரிகிறாள்.

ஜனவரி 25, ஞாயிறு

திறப்பு. ஊர் வந்தது. கிருஷ்ணன் வாசலில். கோமதி அவனோடு சமாதானமாகிவிட்டாள். நிலைப்படியில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டிய பிறகு. அம்பலம் உரை சுருக்கம், நன்று. ஒரு பக்கத்துக்கு இப்போது நான்கைந்து வரிகளே கொள்கின்றன. கைக்கு அலுப்பு.

பிப்ரவரி 8

இன்று முதல் நான் சொல்ல, கோமதி எழுதுகிறாள். முந்தைய பக்கங்களைப் புரட்டக் கூடாது என்பது ஒப்பந்தம். புரட்டிவிட்டாள் என்பது இன்றைய காப்பியின் கசப்பில் தெரிந்தது.

கோமதிக்குப் பொறுமை குறைவு என்று எழுதச் சொன்னேன். எழுத மாட்டாளாம். எழுதாவிட்டால் சம்பளம் கிடையாது என்றேன். இப்போதும் கிடையாதே என்கிறாள். மேலுள்ள வாக்கியம் இந்தத் தகராறின் முடிவில் எழுதப்பட்டது.

வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடங்கள் வருகின்றன. தொடுதிரையில் யாரோ ஐஸ்கிரீம் தடவிவிட்டார்கள். அது வேலை செய்யவில்லை. அதனால் பிள்ளைகள் படங்களைப் பார்க்கிறார்கள். இரண்டாம் ஊசி ஆயிற்று. வலி இல்லை, மருத்துவப் பெண் பேசுவதுதான் வலி. சௌந்தரம் மறுபடி வந்தாள். இன்றைக்கு இது போதும். நாளைய சமையலுக்குக் கத்தரிக்காய் வேண்டாம்.

கோமதி எழுதுவது. மேலே உள்ளது எல்லாம் அண்ணி சொன்னது. ஒன்று சொல்லவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். மத்தியானம் எல்லாரும் போன பிறகு அலுவலக அறையில் அண்ணனோட போட்டோ முன்னாடி நின்றாங்க. "சட்டை என்ன நிறம் சொல்லு" என்றாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள, "நீலம். காலர்ல நான் தைத்த தையல் இருக்கும், பார்" என்றாங்க. குனிந்து பார்த்தேன். அந்த போட்டோ கறுப்பு வெள்ளை. "ஆமா அண்ணி, நீலம்தான்" என்றேன். பிலோமினாகிட்டேயும் சொல்லிட்டேன். போட்டோவுக்குக் கீழே நீலச் சட்டைன்னு அப்படியே அச்சடிக்கிறாங்க.